வாயிலில் பதினொரு முறை

3 பிப்ரவரி 2025, திங்கள்

திருத்த வேண்டிய கணிதத் தாள்கள் முப்பத்திரண்டு. ஒன்பதோடு நின்றது.

நண்பகலில் கல்லூரி வாயிற்காவலர் யேசுரட்ணம், மடித்த கடிதம் ஒன்றோடு ஆசிரியர் அறைக்கு வந்தார். செவிலியர் படிப்புக்கு ஆயத்தமாகும் அகோசுவா என்ற கானா நாட்டுப் பெண்மணி அவர்மீது முறையிட்டிருக்கிறார். செப்டம்பர் முதல் பதினொரு முறை தம்மை மட்டும் நிறுத்தி அடையாள அட்டை கேட்டாராம். முதலில் கல்லூரியின் உரையாடல் வட்டத்தில் இருவரும் அமர வேண்டும். அங்கே தீராவிட்டால் விசாரணை.

"வேலை போயிடுமோ எண்டு பயமாக் கிடக்கு அண்ணை. நீங்கள் பக்கத்தில இருந்து கதையுங்கோ. உங்கட வாய்க்கு முன்னால ஆர் நிப்பினம்?"

"கவலைப்படாதீங்க யேசு, நான் பாத்துக்கிறேன்" என்றேன். நாற்காலிகளை வட்டமாகப் போட்டால் நீதி பிறந்துவிடுமா? மேடையும் ஒலிவாங்கியும் இல்லாத இடத்தில் எவன் உண்மையை உரக்கச் சொல்வான்?

4 பிப்ரவரி

வட்டத்தில் யேசுவுக்காகப் பேச உரை மூன்று பக்கம் எழுதி முடித்தேன். இறுதிப் பகுதி நெருப்பாக வந்திருக்கிறது.

6 பிப்ரவரி, வியாழன்

வட்டத்தை நடத்தும் பெனிற்றாவைப் பார்த்தேன். மன்னார்க் குடும்பம், பிறந்தது இங்கேயே, ஸ்ட்ரெதத்தில். முப்பது வயதுகூட ஆகவில்லை. துணைக்கு வருபவர் வாய் திறக்கக் கூடாதாம்.

"அங்கிள், நீங்கள் சப்போர்ட்டர். ஸ்பீக்கர் இல்லை."

"அப்புறம் எதுக்கும்மா நான்?"

"கேக்கிறதுக்கு."

என்னையா? நாற்பதாண்டு மேடை கண்டவனை, போய் மூலையில உக்காருன்னா என்ன அர்த்தம்? கோலாலம்பூர்லயிருந்து ஆர்ச்வே வரைக்கும் எவனும் என்னை வாயை மூடுன்னு சொன்னதில்ல. அதையும் சிரிச்சுக்கிட்டே சொல்றா.

எனினும் போவேன். யேசுவுக்குச் சொல் கொடுத்துவிட்டேன்.

12 பிப்ரவரி, புதன்

எழுதாமல் உறங்க இயலாது.

நூலகத்தின் பின்னறையில் ஐந்து நாற்காலிகள். நானும் யேசுவும், எதிரே அகோசுவாவும் அவருடைய தோழியும், நடுவே பெனிற்றா. ஒழுங்கு எளியது. ஒருவர் சொன்னதை மற்றவர் திருப்பிச் சொல்ல வேண்டும். "ஆம், அதுதான் நான் சொன்னது" என்று முதலாமவர் ஏற்ற பிறகே மறுமொழி.

அகோசுவா குரலை உயர்த்தவில்லை. "பேருந்திலிருந்து இறங்கும்போதே அட்டையைக் கையில் எடுத்துக்கொள்கிறேன். என் வகுப்பில் இருபத்தெட்டுப் பேர். வேறெவரும் அப்படி இறங்குவதில்லை" என்றார். அவ்வளவுதான். அடைமொழி ஒன்றுகூட இல்லை. என் மூன்று பக்கங்களில் இந்த இரண்டு வரிகளின் பக்கத்தில் வைக்கத்தக்க ஒரு வரி இருந்ததா?

யேசு தடுமாறினார். "நான் நிறவெறியன் என்கிறார்" என்று திருப்பினார். அகோசுவா தலையசைத்தார்: "நான் அதைச் சொல்லவில்லை." இரண்டாம் முறையும் தவறினார். மூன்றாம் முறைதான் பேருந்தும், கையிலிருந்த அட்டையும், இருபத்தெட்டுப் பேரும் அவர் வாயிலிருந்து முழுதாக வந்தன. சொல்லி முடித்தவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

பிறகு அகோசுவா என் பக்கம் கை காட்டினார்.

"இந்த ஐயாவை நாள்தோறும் பார்க்கிறேன். ஒரு கையில் தேநீர்க் குடுவை, மறு கையில் செய்தித்தாள். அட்டை காட்ட அவருக்கு ஒரு கைகூட ஓய்வாக இல்லை."

வழக்கறிஞனாகப் போனவன் சான்றுப் பொருளானேன். இங்கே பணியாற்றும் பதினான்கு ஆண்டுகளில் ஒரு முறையாவது காட்டியிருக்கிறேனா? அட்டை எங்கே இருக்கிறது என்பதாவது தெரியுமா?

ஏன் என்னிடம் அட்டை கேட்பதில்லை என்று பெனிற்றா யேசுவிடம் கேட்டாள். தெரிந்த முகம் என்றார் யேசு.

"பதினொரு முறைக்குப் பிறகுமா என் முகம் தெரியவில்லை?"

பெனிற்றா அவருக்காக மறுமொழி தேடித் தரவில்லை. நானாக இருந்தால் ஒரு நொடியில் தந்து கெடுத்திருப்பேன். யேசு என் பக்கம் சாய்ந்து, தமிழில், "அந்த அக்கா சொல்லுறது சரி அண்ணை" என்றார். பின்னர் நிமிர்ந்து ஆங்கிலத்தில் அதை அகோசுவாவிடமே சொன்னார்.

திரும்பும் வழியில் பேருந்து நிறுத்தத்தில், "போர்க்காலத்தில் வவுனியாச் சோதனைச்சாவடியில் உங்களை மணிக்கணக்காக நிறுத்தியதைச் சொல்லியிருக்கலாமே" என்றேன். என் உரையின் நெருப்பே அதுதான்.

"அதை இதுக்குள்ள இழுக்க வேண்டாம் அண்ணை. அங்க நிண்டது நான். இங்க நிண்டது அவ."

என் மேடைகளில் எவரும் இத்துணை நேர்மையாகப் பேசக் கேட்டதில்லை. நானும் பேசியதில்லை.

16 பிப்ரவரி, ஞாயிறு

ஆர்ச்வேயில் என் சொற்பொழிவு. பொருள்: சமத்துவம். கைதட்டல் நீண்டது. நடுவே குடுவையும் செய்தித்தாளும் நினைவுக்கு வந்தன. ஒரு வரியை மறந்தேன்.

26 பிப்ரவரி, புதன்

இரண்டாம் அமர்வு. யேசு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று அகோசுவா சொல்லவில்லை. எல்லாரிடமும் அட்டை கேளுங்கள், அல்லது எவரிடமும் கேட்காதீர்கள் என்றார். எல்லாரையும் கேட்பதாக யேசு ஏற்றார். கல்லூரி முதல்வர் முதல் துப்புரவாளர் வரை, திங்கள் முதல், என்று பெனிற்றா எழுதிக் கையொப்பம் வாங்கினாள். விசாரணை இல்லை. வேலை நிலைத்தது.

பெனிற்றாவிடம், "நல்லா நடத்துறீங்க, அம்மா" என்றேன். நீங்க என்று தானாகவே வந்தது.

"தாங்ஸ் அங்கிள். நீங்களும் நல்லாக் கேட்டனீங்கள்."

3 மார்ச், திங்கள்

வாயிலில் நீண்ட வரிசை. சட்டனிலிருந்து வந்த பேருந்து வேறு தாமதம். என் முறை வந்தது.

"அண்ணை, காட்." யேசு அட்டைக்குக் கை நீட்டினார்.

"யேசு, நான்தான்."

"ஓம் அண்ணை, தெரியும். காட்."

அட்டை வீட்டு மேசையில். நேற்று தேடி எடுத்து, மறக்கக் கூடாதென்று கண்ணெதிரே வைத்து, மறந்தேன். பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். குடுவையையும் செய்தித்தாளையும் தரையில் வைத்துவிட்டு, வருகையாளர் ஏட்டில் பெயர் எழுதினேன்.

எழுதும்போது பார்த்தேன். அகோசுவா வெறுங்கையோடு வந்தார். யேசுவின் எதிரே வந்து நின்ற பிறகே தோளிலிருந்து பையை இறக்கி, திறந்து, அடி வரை துழாவினார். வரிசை காத்திருந்தது. அவசரமில்லை என்றார் யேசு.

அகோசுவா அவசரப்படவில்லை.