பக்கத்துச் சீட்டின் மூடி

கல்முனைக்குடி,
ஓகஸ்ட் 18.

அன்பு மகள் ஹிமாயாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். வாப்பா எழுதுகிறேன். அல்லாஹ்வின் காவலில் நானும் உம்மாவும் இருக்கிறோம். நீயும் உன் வயிற்றில் இருப்பதும் சுகமாக இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறோம். டெலிபோன் இருக்கக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். டெலிபோனை எடுத்தால் உம்மா பறித்துக்கொள்கிறாள். பிறகு எனக்குக் கேட்பது அழுகைச் சத்தம் மட்டும்தான். அதோடு, இந்தக் கடிதத்துக்குள் ஒரு சிறு சாமானும் வைத்து அனுப்ப வேண்டியிருக்கிறது. அது என்னவென்று கடைசியில் சொல்கிறேன்.

நீ கேட்டதற்குப் பதிலும் கடைசியில்தான். தலைப்பிள்ளை பெற ஏழாம் மாதம் வீட்டுக்கு வருவதென்றால் உன் மாப்பிள்ளையோடுதான் வருவேன், அவர் வரக்கூடாது என்றால் நானும் வரமாட்டேன் என்று சொன்னாய். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அன்றிலிருந்து உம்மா என்னோடு அளந்துதான் கதைக்கிறாள். தேத்தண்ணியைக் கொண்டுவந்து மேசையில் 'டக்' என்று வைத்துவிட்டுப் போகிறாள்.

ஊர்ப் புதினம் பெரிதாக ஒன்றுமில்லை. கச்சான் காற்று இன்னும் ஓயவில்லை. வீடு முழுக்கப் புழுதி. சொறிக்கல்முனைப் பக்கம் நம் வயல் வெட்டி முடிந்தது, விளைச்சல் பரவாயில்லை. என் சீனி வருத்தம் அப்படியே இருக்கிறது, கூடவுமில்லை, குறையவுமில்லை.

இனி உன் மாப்பிள்ளை அனுப்பிய பெட்டியைப் பற்றி. இந்த இடத்தை அவருக்கு வாசித்துக் காட்டத் தேவையில்லை. பெட்டி வந்து நோன்பு முழுக்கக் குளிர்சாதனப் பெட்டிக்கு மேலே கிடந்தது. நான் தொடவில்லை. ஏன் என்று உனக்குத் தெரியும். உன் நிக்காஹ்வுக்குப் பெண்ணைப் பொறுப்புக் கொடுக்கிற வலியாக நான் நிற்கவில்லை, நீ இருக்கிற வெளிநாட்டுப் பள்ளி இமாம்தான் நின்றார். நேற்று வரை டேவிட்டாக இருந்தவர் இன்று தாவூத் என்றால், அது கலிமாவுக்காகவா கல்யாணத்துக்காகவா என்று எனக்குச் சந்தேகம். அதை உன் முகத்துக்கு நேரே சொன்னவன் நான், இப்போது மறைக்க ஒன்றுமில்லை. படத்தில் பார்த்தால் உன்னைவிட ஒரு தலை உயரம். நம் வீட்டு வாசல்நிலையில் நெற்றி இடிக்கும் என்று அப்போது நினைத்துக்கொண்டேன். வேறொன்றும் நினைக்கவில்லை.

பெருநாள் கழிந்த பிறகு உம்மாதான் பெட்டியை உடைத்தாள். உள்ளே பஞ்சில் சுற்றி, ஒரு சூடை மீன் நீளத்தில் காரின் உடம்பு. பிளாஸ்டிக் மாதிரி ஒரு பொருளை அச்சில் ஊற்றி அவரே வார்த்ததாம். சக்கரம், ஸ்டியரிங், கண்ணாடி எல்லாம் தனித்தனிப் பொட்டலத்தில். அசலில் இருபத்துநாலில் ஒரு பங்கு அளவு என்று கடதாசியில் இருந்தது. ஒவ்வொரு துண்டுக்கும் பக்கத்தில் தமிழில் பெயர். எழுத்து முதலாம் வகுப்புப் பிள்ளையின் எழுத்து மாதிரி. உன் எழுத்து இல்லை என்று பார்த்ததும் விளங்கியது. அப்போதும் நான் தொட்டிருக்க மாட்டேன். ஆனால் உடம்பின் ஓரத்தில் அச்சுப் பிசிறு நின்றது. நாற்பது வருடம் வாகனத்துக்குப் பெயின்ட் அடித்தவனுக்கு முன்னால் பிசிறோடு ஒரு உடம்பை வைத்தால் கை சும்மா இருக்குமா? தேய்க்கிற வாட்டர் பேப்பரை எடுத்தேன். அவ்வளவுதான்.

கூடவே அசல் காரின் படமும் வந்திருந்தது. அவருடைய அப்பாவின் தகப்பன் பேக்கரிக்காரராம். பழைய ஒஸ்டின் ஒன்றின் சட்டத்தில் அலுமினியத் தகடு அடித்து, வீட்டுக் கொட்டிலில் தானே கட்டிய பந்தய ஓட்டக்கார். ஞாயிற்றுக்கிழமைகளில், சண்டைக் காலத்து விமான ஓடுபாதை ஒன்றில், தன்னைப் போல ஆசைக்கு ஓடுகிற ஆட்களோடு ஓட்டுவாராம். ஒரு நாளும் வென்றதில்லையாம். பாண் வேனுக்கு வாங்கி மிஞ்சிய கருஞ்சிவப்புப் பெயின்ட்டைத் தூரிகையால் பூசியிருக்கிறார். படத்தைப் பார்த்ததும், "இதென்ன வேலை, மாட்டுக்குச் சுண்ணாம்பு பூசின மாதிரி" என்று உம்மாவிடம் சொன்னேன்.

வேலையைத் தொடங்கினால் ஒழுங்காகச் செய்ய வேண்டும். பின் மூலையில் ஒரு நெளிவு இருந்தது. வார்ப்பில் வந்த பிழை என்று நினைத்துப் புட்டிப் பசை வைத்து நிரப்பி, தேய்த்து, கையால் தடவினாலும் தெரியாதபடி மட்டமாக்கினேன். கச்சானில் பகலில் பெயின்ட் அடிக்க ஏலாது, ஒரு தூசி விழுந்தாலும் மலை மாதிரித் தெரியும். சுபஹ் தொழுதுவிட்டு, காற்று எழும்ப முன் கொஞ்சம் கொஞ்சமாக அடித்தேன். சும்மா சொல்லக்கூடாது, கல்யாண வேன் மாதிரி மினுங்கியது. உம்மா படம் எடுத்து உங்களுக்கு அனுப்பினாள். மிகவும் அழகு, நன்றி என்று அவர் பதில் போட்டார். எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

அடுத்த வெள்ளிக்கிழமை நீ டெலிபோன் எடுத்துப் பொரிந்து தள்ளினாய். "அவர் சொல்ல வேணாமெண்டு சொன்னவர் வாப்பா. ஆனா எனக்குப் பொறுக்கல்ல, நான் சொல்லத்தான் போறன்" என்றாய். அந்த நெளிவு வார்ப்புப் பிழை இல்லை. பேக்கரிக்காரரின் மனைவி ஒரு நாள் காரைப் பின்னால் எடுக்கப்போய்க் கேற்றுத் தூணில் தட்டிய நெளிவு. தட்டி நிமிர்த்தச் சொல்லி எல்லாரும் சொல்லியும் மனிதர் கேட்கவில்லையாம், அது கிடக்கட்டும் என்றாராம். அந்த வகைக் காருக்கு இரண்டு சீட் இருக்க வேண்டும் என்று போட்டிச் சட்டம். ஓட்டத்தில் மற்றச் சீட்டில் ஒருவரும் இருப்பதில்லை, காற்றுப் புகாமல் அதற்குத் தகட்டு மூடி போட்டுவிடுவார்கள். இவர்களிடம் காரை ஏற்றிப்போக லொறி இல்லை. வீட்டிலிருந்து அதே காரில், பக்கத்துச் சீட்டில் மனைவியை வைத்துக்கொண்டு ஓடுபாதைக்குப் போவாராம். அங்கே அவள் இறங்கி, அவருடைய கோட்டைப் பிடித்துக்கொண்டு, சனத்தை மறித்துக் கட்டிய கயிற்றடியில் நிற்பாளாம். ஓட்டம் முடிந்ததும் தேத்தண்ணி குடிக்கக்கூட நிற்காமல் முதலில் அந்த மூடியைத்தான் கழற்றுவாராம்.

நீ டெலிபோனை வைத்த பிறகு நான் காரின் முன்னால் போய் இருந்தேன். மனம் கலங்கிப் போனது, பொய் சொல்லமாட்டேன். அந்தப் பிள்ளை வேண்டுமென்றே பார்த்துப் பார்த்து வார்த்த நெளிவு. நான் அதை நிரப்பி, மினுக்கி, படமும் பிடித்து அனுப்பியிருக்கிறேன். அவர் அதைப் பார்த்துவிட்டு நன்றி சொல்லியிருக்கிறார். என் வேலையில் ஒருவன் அப்படிக் கை வைத்திருந்தால் கராஜையே இரண்டாக்கியிருப்பேன் நான். அது உனக்கும் தெரியும், கல்முனைக்கே தெரியும்.

பெயின்ட்டையும் புட்டியையும் சுரண்டி எடுத்தேன். ஆனால் தேய்த்த தேய்ப்பில் நெளிவின் விளிம்பு போய்விட்டது. பெயின்ட் என்றால் நான், தகரம் என்றால் பாண்டிருப்புத் தம்பிமுத்துதான். கராஜில் எனக்குப் பக்கத்தில் நின்று இத்தனை வருடம் தட்டி நிமிர்த்திய மனிதர். சைக்கிளில் போய்க் கூட்டிவந்தேன். படத்தைப் பார்த்தார், காரைப் பார்த்தார், பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "சனமெல்லாம் நெளிவு எடுக்கத்தான் பாஸ் நம்மளத் தேடி வந்தது. நெளிவு போடச் சொல்லிக் கூப்பிட்ட முதல் ஆள் நீங்கதான்" என்றார். ஊசி அரத்தால் இரண்டு பின்னேரம் மினக்கெட்டார். அச்சாவாக வந்திருக்கிறது. பிறகு நான் தூரிகையால் பூசினேன், பேக்கரிக்காரர் பூசியது போலவே, கோடு கோடாக. கை கூசியது. ஆனாலும் பூசினேன்.

தம்பிமுத்து போகும்போது, மருமகன் எப்ப வாறார் என்று கேட்டார். நான் மேசையில் கிடந்த அரத் தூளைத் துடைக்கத் தொடங்கினேன். உள்ளே இருந்து உம்மாதான் வாய் திறந்தாள். "இவருக்கிட்ட என்னத்துக்குக் கேக்கிறீங்க? வீட்டு உறுதிப் பத்திரம் மகள்ட பேருல கிடக்கு. நாங்க ரெண்டு பேரும்தான் இஞ்ச ஒண்டி இருக்கிற. வீட்டுக்காரிட மாப்பிள்ளைய வர வேணாமெண்டு சொல்ல இவரு ஆரு?" என்றாள். தம்பிமுத்து மெதுவாகத் தன் சைக்கிளை எடுத்துக்கொண்டு நழுவிவிட்டார்.

அவள் சொன்னதில் பிழையில்லை. நீ பிறந்த வருடம் உனக்கென்று அத்திவாரம் போட்ட வீடு இது. நம் ஊரில் மாப்பிள்ளை வந்து இருப்பது பெண்ணின் வீட்டில். அதைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. ஆனால் காரை எனக்கென்று தந்திருக்கிறார். அதில் நான் நினைத்ததைச் செய்யலாம். கடதாசியில் கடைசியாக இருந்தது அந்த மூடி. ஓட்டத்துக்கு என்றால் ஒட்டவும், வீதிக்கு என்றால் ஒட்ட வேண்டாம் என்று அந்தப் பிள்ளை எழுத்தில் எழுதியிருக்கிறது. நான் ஒட்டவில்லை. எனக்கு அது தேவைப்படாது. இந்தக் கடிதத்தோடு மாத்திரைப் பெட்டிக்குள் பஞ்சு வைத்து அனுப்புகிறேன். அவரிடம் கொடு.

நீ இரும்புச் சத்து மாத்திரையைத் தவறாமல் குடி. பாரம் தூக்காதே. உம்மா இப்போதே பழந்துணி கிழித்து மடித்து வைக்கத் தொடங்கிவிட்டாள். அல்லாஹ் உன்னையும் பிள்ளையையும் இரண்டாகப் பிரித்து எங்கள் கையில் நல்லபடி தருவானாக.

இனி வருவதை மட்டும் அவருக்கு வாசித்துக் காட்டு.

மருமகன் தாவூதுக்கு மாமாவின் ஸலாம். கார் சோக்கேசில் இருக்கிறது. நெளிவு இருந்த இடத்திலேயே இருக்கிறது. மகளைத் தனியாக அனுப்ப வேண்டாம், பக்கத்தில் வைத்துக் கூட்டிக்கொண்டு வாருங்கள். நம் வீட்டு வாசல்நிலை கொஞ்சம் தாழ்வு. நீங்கள் குனிய வேண்டாம், உயர்த்தித் தரச் சொல்லி மேசனுக்குச் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் வாப்பா
மீராசாஹிபு