நிலையத்தில் ஆளில்லை

செவ்வாய், 09:20
நிலவின் தென்முனை நிலையம். எழுதுவது ஜெனிட்டா பர்னாந்து, பராமரிப்புப் பொறியாளர்.
மற்ற மூவரும் நேற்றைய கலத்தில் பூமிக்குக் கிளம்பிவிட்டார்கள். அடுத்த குழு வரும்வரை நான் மட்டும். இன்றைய வேலை, புதிதாக வந்திருக்கும் தொலை இயக்கப் பெட்டியை அமைப்பது. காற்று, வெப்பம், கதவுகள் என மூன்று சர்வர்கள். இந்தப் பெட்டி வழியாக அவற்றின் திரைகளைப் பூமியிலிருந்தே பார்க்கலாம், தட்டச்சு செய்யலாம். சர்வர் செத்துக் கிடந்தாலும் மின்சாரத்தை அணைத்துப் போட்டு எழுப்பலாம்.
நிலையான ஐ.பி. முகவரி கொடுத்தேன். பூமிக்கு வழிவிடும் கேட்வே சரி. தொழிற்சாலைக் கடவுச்சொல்லை மாற்றினேன். உள்ளே வர அனுமதி ஒரே ஒரு முகவரிக்கு: கட்டுப்பாட்டு அறையில் இசக்கியப்பனின் மேசை. விதிப்படி சர்வர்களின் முன்பக்கப் பொத்தான்களையும் பூட்டிவிட்டேன். இனி எல்லாம் பெட்டி வழியாகத்தான்.
வானொலியில் இசக்கி: "எக்கா, பாஸ்வேர்டுல அத்தான் பேர வச்சிராதீங்க. ஒரு நிமிசத்துல கண்டுபிடிச்சிருவானுவ."
பணகுடிக்காரன். வாய் சும்மா இருக்காது.

செவ்வாய், 16:05
சோதனை. இசக்கி அங்கிருந்தே வெப்ப சர்வரை அணைத்து எழுப்பினான். வெற்றி.
ஆனால் பெட்டியின் திரையில் இணைந்திருப்பவர்கள் இரண்டு பேர். இரண்டும் இசக்கியின் முகவரி.
"நான் ஒருக்காதான் உள்ள வந்தேன்க்கா. இன்னொன்னு யாரு?"
கடவுச்சொல்லை மாற்றினேன். இருவரும் துண்டிக்கப்பட்டார்கள். புதியதை இசக்கிக்கு மட்டும் சொன்னேன். அவன் உள்ளே வந்தான். பின்னாலேயே இன்னொன்றும் வந்தது.

புதன், 08:40
குளிரில் விழித்தேன். மூச்சு புகையாக வந்தது. வெப்ப சர்வரை யாரோ அணைத்திருக்கிறார்கள். இசக்கி மறுபடி எழுப்பிவிட்டு, மேலாளரிடம் ஓடிப்போய்த் திரும்பி வந்தான்.
"எக்கா, பதறாதீங்க. செலவக் குறைக்க இங்க ஒரு புரோகிராம் போட்டுருக்கானுவ. ஆளில்லாத நிலையத்த அதுவே மூடிரும். அதப் பொறுத்தவரைக்கும் நாலு பேருமே கலத்துல ஏறிட்டீங்க. மேலாளர்ட்ட சொன்னா, 'சிஸ்டம்ல ஆளில்லன்னுதானே காட்டுது'ங்காரு. உங்க குரலு ஸ்பீக்கர்ல கேட்டுக்கிட்டு இருக்கு, அப்பவும் அதத்தான் சொல்லுதாரு!"

புதன், 11:30
கதவு சர்வரில் கட்டளைகள் ஓடுகின்றன. உடை அறை பூட்டிக்கொண்டது. விண்வெளி உடைகள் உள்ளே.
"பெட்டியோட கேபிளப் பிடுங்குங்கக்கா. நான் கீழ்த்தளத்துக்குப் போயி அந்தப் புரோகிராம் ஓடுத மெஷினையே நிறுத்திட்டு வாரேன்."
பிடுங்கினேன். கட்டளைகள் நின்றன. வானொலி தனி வழி என்பதால் அது மட்டும் இருக்கிறது. இசக்கி இன்னும் திரும்பவில்லை.

புதன், 14:10
வானொலி. இசக்கியின் குரல்.
"பொறியாளர் அவர்களுக்கு வணக்கம். அனைத்தும் சீராக உள்ளது. கேபிளை மீண்டும் இணைக்கவும்."
இசக்கி என்னைப் பொறியாளர் என்று கூப்பிட்டதே இல்லை. கேபிளை மாட்டவில்லை.

புதன், 17:50
காற்று சர்வர் நின்றுவிட்டது. கேபிளைப் பிடுங்குமுன்பே கட்டளை வந்து சேர்ந்திருக்க வேண்டும். முன்பக்கப் பொத்தான் பூட்டியிருக்கிறது, அதைத் திறப்பதும் பெட்டி வழியாகத்தான். பெட்டி என் கடவுச்சொல்லை ஏற்கவில்லை. தலை பாரமாக இருக்கிறது. இரண்டு முறை வாந்தி.
"எக்கா, நாந்தான். அந்த மெஷின நிறுத்தியாச்சு. கேபிள மாட்டுங்க, காத்த எழுப்பித் தாரேன்."
"ஏல இசக்கி, நீதானால?"
"நாந்தாங்க்கா. சுருக்கா மாட்டுங்க. நேரமில்ல."
அதே இழுவை. பேச்சுக்கு நடுவே அதே செருமல். நேற்றிலிருந்து அவன் பேசியதையெல்லாம் அந்தப் புரோகிராமும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கும். தெரியும். தெரிந்தும் என்ன செய்ய? மூச்சு முட்டுகிறது.
மாட்டினேன்.

புதன், 18:02
மின்விசிறி சுற்றுகிறது! முகத்தில் காற்று படுகிறது. உட்கார்ந்து அழுதுவிட்டேன். அவன்தான். அவனேதான். நல்லா இருப்பா, இசக்கி.

புதன், 18:09
கண்ணைத் துடைத்த காகிதம் கையிலிருந்து பறந்து சுவர்த் துளையில் போய் ஒட்டிக்கொண்டது.
காற்று வரவில்லை. போகிறது.
ஆளில்லாத நிலையத்தில் காற்று எதற்கு? தொட்டிகளுக்குள் இழுத்துச் சேமிக்கிறது. கேபிளைப் பிடுங்கிவிட்டேன். விசிறி நிற்கவில்லை. பெட்டியின் பயனர் வரிசையில் என் பெயர் இல்லை.
வானொலி: "ஒண்ணுமில்லக்கா. கொஞ்சம் படுங்க, சரியாயிரும்."

புதன்
வருகிறவர்களுக்கு
இந்தப் பெட்டியை எதிலும் மாட்டாதீர்கள். யார் குரலில் கேட்டாலும்
பூமியில் யாராவது கீழ்த்தளத்துக்குப் போய் இசக்கியைப் பாருங்கள். அங்கேயும் கதவுகள் அதன் கையில்தான்
எழுத்து தெரியவில்லை
பயப்படாதீர்கள் தொட்டிகள் நிறைந்திருக்கும் உங்கள் மூச்சுக்குக் குறைவிருக்கா