டொக்குன்னு கேக்குற செவுரு

ஏத்தா தீபா, நல்லாருக்கியா. மஸ்கட்டுல வெயிலு கொறஞ்சிருச்சா, மாப்ள சௌக்கியமா இருக்காகளா, பேத்தி பல்லு மொளைக்குதுன்னு அழுதாளே இப்பத் தேவலையா. இங்க திருச்சுழிப் பக்கம் ஒரு பொட்டு மழ இல்ல, மல்லி வெதச்சவன்லாம் வானத்தப் பாத்துக்கிட்டு நிக்கிறான். போன்ல பேசாம அய்யா எதுக்குக் காயிதம் எழுதுறாருன்னு நெனப்ப. போன்ல பேசுனா ஒங்கம்மா பக்கத்துல ஒக்காந்து என் வாயவே பாக்குறா, அதான். அறிவொளி ராத்திரி வகுப்புல கத்துக்கிட்ட எழுத்து, பொறுமையா கூட்டிப் படி.

போன மாசம் அவ பாத்ரூம்ல சோப்பு வழுக்கி விழுந்து மணிக்கட்டு ஒடஞ்சிச்சுன்னு ஒனக்குச் சொன்னோம்ல, அது பொய்யித்தா. மொழங்கால் ஆப்பரேசன் முடிஞ்சு வந்தவ புடிச்சு எந்திரிக்கன்னு நீ அனுப்புன எவர்சில்வர் கைப்பிடிய நாந்தான் செவுத்துல மாட்டுனேன், அது அவளோட சேந்து புடுங்கிக்கிட்டு வந்துருச்சு. ஆஸ்பத்திரியில வலியோட கெடந்துக்கிட்டு, "பிள்ளகிட்ட சோப்புன்னே சொல்லுங்க"ன்னுட்டா. என்னயக் காப்பாத்துறாளாம். ஆனா வீட்டுக்கு வந்த பெறகு ஒங்க கம்பியும் வேணாம் ஒங்க கையும் வேணாம்னு ஒரே பேச்சா பேசிட்டா. பாத்ரூமு போகணும்னா எதிர்வீட்டுப் பேச்சி வந்துதான் கூட்டிட்டுப் போகணும். அவளயும் எத்தன தடவ கூப்புடுறதுன்னு வெக்கப்பட்டு தண்ணி குடிக்கிறதயே விட்டுட்டா, நாக்க நனைக்கிறதோட சரி. இப்பிடியே இருந்தா கிட்னி போயிரும்னு டாக்டரம்மா ஏசிட்டாக. அண்ணைக்கே முடிவு பண்ணிட்டேன், ஒங்கம்மா யாரு கையயும் எதிர்பாக்காம தானா போயித் தானா வரணும், அதுக்கு அந்தக் கைப்பிடி நிக்கணும்.

நாப்பது வருசம் கெணறு வெட்டுனவன், பாறையில குழி போட்டு வெடி வச்சவன், இந்த ஆறு இஞ்சுச் செவுரு எனக்கு ஒரு செவுராங்குற திமிருத்தா. மொதத் தடவ மாட்டும்போது உளியும் சம்மட்டியும் எடுத்து பாறைக்கி அடிக்கிற மாதிரியே அடிச்சேன், பிளாஸ்டிக் கட்டையச் சொருகி ஸ்க்ரூவத் திருகுனேன். நரிக்குடிப் பக்கம் வீரபாண்டி தோட்டத்துல அறுவது அடி எறங்கும்போது தட்டிப் பாத்தே எது உறுதி எது பொக்குன்னு சொன்ன ஆளு நானு, அவுக வீட்டுல அண்ணைக்கி வச்ச கருவாட்டுக் கொழம்பு இன்னும் நாக்குல நிக்கிது, அது கெடக்கட்டும். கெணத்துக்குள்ள தட்டிப் பாத்தவன் வீட்டுச் செவுத்தத் தட்டிப் பாக்கல.

பாளையம்பட்டியில இரும்புச் சாமான் கட வச்சிருக்கான்ல காசிராஜன், அவன்கிட்டப் போயி இருக்குறதுலயே பெரிய போல்ட்டாக் குடுலேன்னேன். என்ன செவுரு மாமான்னான். செவுருன்னா செவுருதாம்லேன்னேன். "கெணத்துக்கு வாங்குறீகளா, அத்தைக்கி வாங்குறீகளா"ன்னு கேட்டுட்டான், எனக்கு மூஞ்சி சுண்டிப்போச்சு. பெறகு ஒக்கார வச்சுச் சொன்னான். செங்கச் செவுருன்னா பூச்சத் தாண்டி உள்ள போற நீளக் கட்ட வேணும், கான்கிரீட்டுன்னா முறுக்க முறுக்க விரியுற ஆங்கர் போல்ட்டு, அதக் கொண்டுபோயி ஹாலோ பிளாக்குல முறுக்குனா உள்ள பொக்கையா இருக்குறதால கல்லே பொளந்துரும். மண்செவுரா இருந்தா ஆளு புடிக்கிற சாமானே மாட்டக் கூடாதாம். நம்ம பாத்ரூமு ஹாலோ பிளாக்கு. அதனால செவுத்த அந்தப் பக்கம் வரைக்கும் தொளச்சு, எட்டு இஞ்சு போல்ட்ட விட்டு, வெளிப்பக்கம் இரும்புத் தகடு வச்சு நட்டு போடச் சொன்னான். டிரில்லு மிசின்ல ஹேமருன்னு இடிக்கிற பட்டனப் போடாதீக மாமா, சும்மா சுத்த மட்டும் விடுங்கன்னும் சொன்னான். அடிக்காம தொளைக்கிறது எனக்கு அதான் மொதத் தடவ. நேத்து மாட்டி முடிச்சு, கைப்பிடியப் புடிச்சு முழு ஒடம்பையும் தொங்கவிட்டுப் பாத்தேன், ஒரு மணல் கூட உதுரல. பேச்சி பாத்துட்டு, "அண்ணே, ஆடி முடிச்சா சொல்லுங்க, நானும் ஆடுறேன்"ங்குறா. ஒங்கம்மா எல்லாத்தயும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தா. காலையில ஒரு சொம்புத் தண்ணிய அவ பக்கத்துல வச்சுட்டு வந்து இத எழுத ஒக்காந்தேன்.

நீ அனுப்புன போட்டாவுல பேத்தி கட்டிலுக்கு மேல செவுத்துல மாட்டுன ஒரு பலகையும் அதுமேல மிக்சி டப்பாவும் இருக்கு பாரு, மொதல்ல அத எறக்கு. செவுத்தத் தட்டிப் பாரு, டொக்குன்னு கேட்டா அட்டைச் செவுரு, அதுக்குப் பின்னால போயி விரிஞ்சு புடிக்கிற தனிப் பிளக்கு இருக்காம். எதுவா இருந்தாலும் பிள்ள தலைக்கி மேல வேண்டாம். நம்மூருச் சாமி திருமேனிநாதரு ஒங்க மூணு பேரயும் நல்லா வைக்கணும். போன தடவ கையெழுத்துப் போடாம அனுப்பிட்டேன்னு சிரிச்ச, அதனால இப்பவே போட்டுர்றேன்.

இப்படிக்கு
ஒன் அய்யா உக்கிரபாண்டி

இன்னொண்ணுத்தா, எட்டிப் பாத்தேன், சொம்புல சொட்டுத் தண்ணி இல்ல, ஆளயும் காணோம். பேச்சி அவ வீட்டு வாசல்லதான் ஒக்காந்திருக்கா. பாத்ரூம்ல தண்ணி ஊத்துற சத்தம் கேக்குது. நான் எந்திரிச்சு ஓடல, காத அங்க வச்சுக்கிட்டு இத எழுதிக்கிட்டிருக்கேன், செவுத்துல இருந்து ஒரு சத்தமும் இல்ல. இந்தா கூப்புடுறா, "ஏங்க, சோப்ப எங்க வச்சுத் தொலச்சீக"ன்னு, நான் போயி எடுத்துக் குடுத்துட்டு வர்றேன்.