கொக்கியில் தொங்கிய ஓட்டு

ஆவணி, வெள்ளி இரவு.

லாரி சங்கத்தில் நான் ஒரு காற்புள்ளிக்காகச் சண்டை போட்டதாகச் சொல்லித் திரிகிறார்கள். காற்புள்ளி இல்லை, மேற்கோள் குறி.

லாரி உரிமையாளர் இறந்தால் அவர் மகன் உறுப்பினராகலாம் என்பது பழைய விதி; லாரி வைத்திருந்து இறந்த என் வீட்டுக்காரருக்குப் பின் எனக்கு அதில் இடமில்லை. இன்றைய கூட்டத்தில் வந்த திருத்தம் இது: ‘மகன்’ என்ற சொல்லுக்குப் பின் ‘அல்லது மனைவி’ தலைவர் ஒப்புதலுடன் சேர்க்கப்படுகிறது. செயலாளர் முருகேசன் கணினியில் அடித்தார். குறிக்குள் இருப்பதை மென்பொருள் அப்படியே விதிக்குள் ஏற்றிவிடும். அவர் குறியை இரண்டு சொல் தள்ளி மூடியிருந்தார்: ‘அல்லது மனைவி தலைவர் ஒப்புதலுடன்’.

“ஏனுங்கம்மா, ஒரு கொக்கிக்கா இத்தன பாடு?” என்றார்.

“அந்தக் கொக்கியிலதான் தம்பி என் ஓட்டு தொங்குது. மகன் யாரையும் கேக்க வேண்டாம், நான் மட்டும் தலைவர் வாசல்ல நிக்கோணுமா?”

தலைவரே வாய்விட்டுச் சிரித்தார். “அம்மா சொல்றது சரிதானுங்க. கொக்கிய நகத்து சாமி.”

குறி நகர்ந்தது. திரையில் ‘மகன் அல்லது மனைவி’ என்று வந்ததை எல்லோருக்கும் கேட்க உரக்கப் படித்தேன். வீட்டுக்கு வந்தும் சிரிப்பு அடங்கவில்லை.

ஆனால் சிரிப்பு ஓட்டாகாது. காலையில் முருகேசனுக்கு இதை அனுப்ப வேண்டும்: என்னை உறுப்பினராகச் சேர்த்துவிட்டீர்களா என்பதை எழுத்தில் தெரிவிக்கவும்.