கடையின் நடுத்தூண்

இஸ்மிர், 9 மே 2022

அன்புள்ள ஜெவ்தெத் அண்ணா,

பெருநாள் விருந்தின் ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது. நீ போனை எடுக்காததால் எழுதுகிறேன்.

அங்கே வந்திருந்தபோது, உன் பலகாரக் கடை நடுவே நின்ற தூண் எங்கே என்று கேட்டேன். "பலகாரப் பெட்டிய மறைச்சுதும்மா, வெட்டிட்டேன். மேல ஆறு மாடியும் அப்படியேதானே நிக்குது?" என்று சிரித்தாய். சும்மா நிற்பது வேறு, நிலம் ஆடும்போது நிற்பது வேறு அண்ணா. ஆய்வுக்கூடத்தில் தூண்களை ஆட்டி உடைத்துப் பார்ப்பதுதான் என் பிழைப்பு. நீங்கள் தூங்குவதோ இரண்டாம் மாடியில்.

பொறியாளரைக் கூப்பிட்டு, மிச்சத் தூண்களின் கான்கிரீட்டைத் துளைத்துச் சோதிக்கச் சொல்.

உன் தங்கை
நெவின்

புர்சா, 23 மே

அன்புத் தங்கச்சி,

முடிவு மோசமாக வந்தால் கட்டடத்தையே காலி செய்யச் சொல்வார்கள். அதனால்தான் இந்தத் தெருவில் யாரும் துளைக்க விடுவதில்லை. மேல்மாடி ரிஃப்கி மாமாவிடம் சொன்னேன். "உன் தங்கச்சி படிச்சதெல்லாம் நம்ம கூரையப் புடுங்கத்தானாடா?" என்கிறார்.

தூண் இருந்த இடத்தில் இரும்புக்குழாய் நிறுத்திக் கண்ணாடி பதித்துவிட்டேன். வாங்க வருகிறவர்கள் தலை சீவிக்கொள்கிறார்கள். அல்லாஹ் காப்பாற்றுவான். துலினுக்கு முன்பல் விழுந்துவிட்டது, அத்தையிடம் சொல்லச் சொன்னாள்.

ஜெவ்தெத்

இஸ்மிர், 6 ஜூன்

அண்ணா,

அந்தக் குழாய் கண்ணாடியைத் தாங்கும். அவ்வளவுதான்.

அப்பாவின் வீட்டில் எனக்கும் பங்குண்டு. பங்குள்ள ஒருவர் கேட்டாலே சோதனை செய்தாக வேண்டும். மனு கொடுத்துவிட்டேன். என்னைத் திட்டு. ஆனால் வெளியே வந்து நின்று திட்டு.

நெவின்

இஸ்மிர், 19 செப்டம்பர்

அண்ணா,

என் கடிதங்களுக்குப் பதிலே இல்லை. சோதனையில் தேறாத கட்டடம் என்று சீல் வைத்த பிறகும் பின்வாசல் வழியாக உள்ளே போய்ப் படுக்கிறீர்கள் என்று அண்ணி போனில் அழுதாள். "அவரு பிடிச்ச பிடியில நிக்கிறாரு நெவின், நான் என்ன பண்ண?"

நான் யாரிடமும் கெஞ்சிப் பழகியவள் இல்லை. உன்னிடம் கெஞ்சுகிறேன். இங்கே இரண்டு அறை காலியாகக் கிடக்கிறது. எல்லோரும் வாருங்கள். உனக்கு என் முகத்தில் விழிக்கப் பிடிக்காவிட்டால் துலினையாவது அனுப்பு.

நெவின்

புர்சா, 28 செப்டம்பர்

நெவின் அவர்களுக்கு,

துலினும் அவள் அம்மாவும் வெள்ளிக்கிழமை பேருந்தில் வருகிறார்கள். பள்ளி மாற்றுச் சான்றிதழ் பையில் இருக்கிறது. பிள்ளைக்கு இருட்டென்றால் பயம், விளக்கை அணைக்க வேண்டாம்.

ரிஃப்கி மாமாவும் வீட்டைக் காலி செய்துகொண்டு போய்விட்டார். என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. மின்சாரத்தை வெட்டிவிட்டார்கள். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் மாவு தேய்க்கிறேன், வாங்கத்தான் ஆளில்லை. மேலே இப்போது ஒருவரும் கிடையாது. கட்டடம் விழுந்தால் தூணை வெட்டியவன் தலையில் மட்டும் விழும். நான் வரமாட்டேன். இனி எழுத வேண்டாம்.

துலின் கேட்டா, அப்பாவுக்குக் கடையில வேலை அதிகம்னு சொல்லு.

ஜெவ்தெத்