விளக்குச் சூட்டில் நகர்ந்த கோடு

உன் மேசை விளக்கைப் போட்டேன். தூசி கருகும் வாசனை வந்தது. உடனே அணைத்துவிட்டேன், மாப்ளே. இந்த விளக்கைப் பார்த்தாலே இப்போது மனசு கூசுகிறது.

நீ செத்துப்போன பிறகு நம் கல்லூரி ஆய்வகத்தில் உன் மேசையை யாரும் தொடவில்லை. போன மாதம் உன் சாமான்களை வாங்கிப்போக உன் மனைவி வந்தாள். அன்றைக்கு ஏலத்தோட்ட வேலைக்குப் போகாமல், போடிமெட்டிலிருந்து ஜீப்பில்.

"ஒரு கோடு நகர்றதுக்கா இத்தன வருசம்னு அவரக் கேலி பண்ணுவேண்ணே. அத ஒருக்கா பாத்துட்டுப் போறேன்."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஒத்ததிர்வு, அதிர்வெண் என்று நாம் பேசுவதை அவளிடம் எப்படிச் சொல்ல? பருப்பளவு இருக்கும் படிகத் தட்டைக் காட்டினேன். "இதுக்குள்ள வெளிச்சம் விளிம்ப ஒட்டிச் சுத்திக்கிட்டே இருக்கும் தங்கச்சி. எல்லா நிறத்தையும் தங்கவிடாது, தனக்கு ஒத்துவர்றத மட்டுந்தான். கரண்டு குடுத்தா, எது ஒத்துவரும்கிறது மாறும். அந்த நிறந்தான் திரையில கோடாத் தெரியுது, அது மாறுறப்பத்தான் கோடு நகரும்."

நன்றாகத் தெரியட்டும் என்று விளக்கைப் போட்டுப் பக்கத்தில் இழுத்து வைத்தேன். கரண்டைக் கூட்டும் குமிழைத் திருகினேன். திரையில் கோடு மெல்ல நகர்ந்தது. அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அவள் போனபின் குமிழைப் பழையபடி திருப்பினேன். கோடு திரும்பவில்லை. போன பக்கமே போய்க்கொண்டிருந்தது. குனிந்து பார்த்தால், படிகத்துக்குப் போகும் ஒயர் கழன்று கிடக்கிறது. சாயங்காலம் கிளம்பும்போது நீதான் அதைக் கழற்றி வைப்பாய். விளக்குச் சூட்டில் படிகம் வெதுவெதுப்பாகி, கோடு தானாக நகர்ந்திருக்கிறது. "சும்மா இருக்கிறப்ப அது என்ன பண்ணுதுன்னு மொதல்ல பாரு மாப்ளே" என்று எத்தனை தடவை சொல்லியிருப்பாய்! நானோ பெரிய வித்தைக்காரன் போலக் குமிழைத் திருகிக்கொண்டிருந்தேன்.

ஒயரை மாட்டி, சூடு ஆறக் காத்திருந்து பார்த்தேன். வலப்பக்கம் திருகினால் ஒரு புறம், இடப்பக்கம் திருகினால் மறுபுறம். உன் வேலை சுத்தம். அவளுக்குப் போன் போட்டுச் சொல்லத்தான் எனக்குத் துணிவில்லை.

இன்று அவளே வந்துவிட்டாள். "இன்னொருக்கா பாக்கணும்போல இருந்துச்சுண்ணே."

எல்லாவற்றையும் சொன்னேன். நிஜமாக நகர்வதையும் காட்டினேன். அவள் திரையைப் பார்க்கவே இல்லை.

"அப்ப அன்னைக்கு நகந்தது அவரோடது இல்லையா?"

"இல்லம்மா."

"நான் அழுதேனேண்ணே?"

கீழே ஜீப்பு ஹாரன் அடித்தது, போய்விட்டாள். சாயங்காலம் நீ செய்வதுபோல ஒயரைக் கழற்றி வைத்தேன், மாப்ளே.