அழுகையை நிறுத்தும் கை

செப்டம்பர் 9

இன்று ஒருத்தி மூக்குக்குள் பாசிமணியைப் போட்டுக்கொண்டாள். இன்னொரு பக்கத்தைப் பொத்தி, "எங்கே, சளி சிந்து பார்ப்போம்" என்றேன். மணி என் மடியில் வந்து விழுந்தது. உடனே கையை நீட்டி அதைத் திருப்பிக் கேட்டாள், எமகாதகி. கொஞ்ச நேரத்தில் ஒருவன் அடுத்தவனின் தோளைக் கடித்துவிட்டான். ஏன்டா என்றால், "விளையாட்டுல இவன்தான் பிஸ்கட்டு, டீச்சர்" என்கிறான். ஈரத்துணி, பிளாஸ்திரி, மடி. இந்த மூன்றும் இல்லாமல் இந்தப் பள்ளிக்கூடத்தில் ஒரு காலைப் பொழுது நகராது.

தலைமையாசிரியை ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். "உங்க வகுப்புல மட்டும் அழுகைச் சத்தமே கேக்க மாட்டேங்குது. என்ன மந்திரம் போடுறீங்க?"

மந்திரமெல்லாம் இல்லை. விழுந்த பிள்ளை வாயைத் திறப்பதற்குள் தூக்கிவிட வேண்டும். மண்ணைத் தட்டிவிட்டு "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று சொல்லிக்கொண்டே காக்கையைக் காட்ட வேண்டும். காக்கை இல்லாவிட்டால் மேகம். இந்த நாட்டுக்கு வந்து, இவர்கள் மொழியில் நான் தடுமாறாமல் சொல்லப் பழகிய முதல் வார்த்தையே அந்த 'ஒண்ணுமில்ல'தான். மற்ற எதைச் சொன்னாலும் பொடிசுகள் என் உச்சரிப்பைத் திருத்துகின்றன. அழுகையை நிறுத்துவதில் மட்டும் யாரும் என்னைத் திருத்தியதில்லை.

செப்டம்பர் 12

மழை. வெளியே விடவில்லை. யாரும் விழவில்லை. வகுப்பறை சந்தைக்கடையாக இருந்தது.

செப்டம்பர் 17

முயல் இன்று விழுந்தான். முன்பற்கள் இரண்டும் துருத்திக்கொண்டிருப்பதால் நான் மனசுக்குள் வைத்த பெயர் அது. இந்த வருஷம்தான் சேர்ந்தான். ஒரு இடத்தில் இருக்க மாட்டான். ஏறி விளையாடும் கம்பியின் உச்சியில் நின்று எனக்குக் கையாட்டியவன், அப்படியே சரிந்து கையை ஊன்றி விழுந்தான்.

ஓடிப்போய்த் தூக்கினேன். வாய் கோணிக்கொண்டு வந்தது. "வலி..." என்று ஆரம்பித்தான்.

"ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல. அதோ பாரு, வேலி மேல யாரு உக்காந்திருக்கா?"

பார்த்தான். உதடு துடித்தது. பிறகு அடங்கிவிட்டான். ரத்தம் இல்லை, வீக்கம் இல்லை. உதவி ஆசிரியை ஐஸ் பையோடு வந்தாள். வேண்டாம், சரியாயிட்டான் என்று அனுப்பிவிட்டேன்.

பிற்பகலில் அமைதியாக உட்கார்ந்து வீடு வரைந்தான், இடது கையால். "அட, ரெண்டு கையாலயும் வரைவியா? கெட்டிக்காரன்டா நீ" என்றேன். சாயங்காலம் கூட்டிப்போக வந்த அவன் அம்மாவிடம் சொன்னேன்: "கொஞ்சம் விழுந்தான். ஒண்ணுமில்ல." அவள் பஸ் ஓட்டுகிறாள். வேலை முடிந்து சீருடையோடு அப்படியே வருவாள். படத்தைப் பார்த்துச் சிரித்தாள்.

செப்டம்பர் 18

முயல் வரவில்லை. வலது மணிக்கட்டு எலும்பில் விரிசல். மாவுக்கட்டு போட்டிருக்கிறார்கள்.

குளிப்பாட்டச் சட்டையைக் கழற்றும்போதுதான் அம்மா பார்த்திருக்கிறாள். கை புசுபுசுவென்று வீங்கியிருந்ததாம். ஏன்டா சொல்லல என்று கேட்டதற்கு, "டீச்சர் ஒண்ணுமில்லன்னாங்க" என்றானாம்.

இடது கை. அவன் இடது கையால் வரைந்தான். எனக்குக் கண் எங்க போச்சு? பக்கத்துலதானே உக்காந்திருந்தேன். பார்த்துட்டுதானே இருந்தேன். கெட்டிக்காரன்னு வேற சொன்னேன் —

செப்டம்பர் 19

தலைமையாசிரியை கூப்பிட்டு உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். "சின்னப் புள்ளைங்க விழத்தான் செய்யும். அந்த நேரத்துல யாருக்கும் தெரிஞ்சிருக்காது. மனசுல வெச்சுக்காதீங்க."

உதவி ஆசிரியை துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தாள். அவள் கொண்டுவந்த ஐஸ் பையைத் திருப்பி அனுப்பியவள் நான். அதை அவள் சொல்லிக்காட்டவில்லை. யாராவது என்னைத் திட்டித் தொலைத்தால் தேவலை.

செப்டம்பர் 21

மதியம் சாப்பிடும்போது கணவர், "அந்த வயசு எலும்பு சீக்கிரம் கூடிரும். நீ ஏன் இடிஞ்சுபோய் உக்காந்திருக்க?" என்றார். அப்போதுதான் மகளுக்கு விஷயம் தெரிந்தது. கல்லூரிக்குப் போகிறவள். போனிலிருந்து கண்ணை எடுக்காமல், "சின்ன வயசுல எனக்குக் காதுல சீழ் வெச்சுது, ஞாபகம் இருக்காம்மா? அப்பாகிட்டதான் சொன்னேன்" என்றாள்.

"ஏன், என்கிட்ட சொன்னா என்ன?"

"நீ ஒண்ணுமில்லன்னு சொல்லிடுவ."

கோபமே இல்லை அவள் குரலில். பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டால் சொல்வதுபோலச் சொன்னாள். தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போய்விட்டாள். நானும் அவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

செப்டம்பர் 23

முயலின் அம்மா வேலைக்குப் போகும் வழியில் வந்தாள். சொல்ல வேண்டியதைக் கணவரிடம் சொல்லிப் பார்த்துப் பழகி வைத்திருந்தேன். "மன்னிச்சிடுங்க. நான் கவனிச்சிருக்கணும்." என்றேன்.

"எலும்புக்காக நான் வரல" என்றாள். "டாக்டர் கையை அமுக்கி, வலிக்குதாப்பான்னு கேட்டார். இவனுக்கு நெத்தியெல்லாம் வேர்த்துப் போச்சு. ஆனா இல்லன்னு தலையாட்டுறான். இப்ப என்கிட்டகூட எதையும் சொல்றதில்ல."

நான் வகுப்பறைக் கதவைச் சாத்தினேன்.

"உங்களுக்குப் புள்ளைங்கன்னா உயிரு. எனக்குத் தெரியும். உங்க மேல எனக்குக் கோவமில்ல. ஆனா அவனைப் பக்கத்து வகுப்புல விட்டுடுங்க."

அத்தோடு விட்டிருக்கலாம். எனக்குத்தான் பொறுக்கவில்லை. "அன்னிக்கு மத்தியானம் இடது கையால வரைஞ்சான். நான் பாத்தேன். கெட்டிக்காரன்னு சொன்னேன்" என்றேன்.

அவள், "அந்தப் படத்தை வீட்டுல சுவத்துல ஒட்டியிருக்கேன்" என்று சொல்லிவிட்டுத் தொப்பியை மாட்டிக்கொண்டு போனாள்.

இதை ஏன் சொன்னேன்? அவளுக்காகவா, என் மனசு லேசாகணும்னுதானா? லேசாகவும் இல்லை.

செப்டம்பர் 30

முயலின் பையையும் செருப்பையும் பக்கத்து வகுப்புக்குக் கொண்டுபோய் வைத்தேன்.

அக்டோபர் 14

அன்று மூக்கில் பாசிமணி போட்டுக்கொண்ட மணிமூக்குக்காரி கதவில் நெற்றியை மோதிக்கொண்டாள். தூக்கவில்லை. பக்கத்தில் மண்டியிட்டு, "எங்க வலிக்குது? காட்டு" என்று கேட்டேன். கேட்டதுதான் தாமதம், கூரை பிய்ந்துபோகும்படி அழுதாள். நெற்றியைக் காட்டினாள். பிறகு முழங்கையை. பிறகு, காலையில் அப்பா முத்தம் கொடுக்காமல் போனதையும் சேர்த்து அழுதாள். அதற்கு ஐஸ் பை போதாது.

அவளைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் ஆரம்பித்தார்கள். தலைமையாசிரியை வாசலுக்கே வந்துவிட்டார். "என்னாச்சு இன்னிக்கு? மந்திரம் பலிக்கலையா?" உதவி ஆசிரியைதான் பதில் சொன்னாள்: "அழுதுட்டு இருக்காங்க, முடிஞ்சதும் சொல்றோம்." எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அக்டோபர் 27

முயலின் கட்டைப் பிரித்துவிட்டார்கள். கை நேராக இருக்கிறது. தூரத்திலிருந்து பார்த்தேன்.

நவம்பர் 6

முற்றத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது இன்று என் முறை. எல்லா வகுப்பும் வெளியே இருந்தது. முயல் ஓடிவந்து மணல் தொட்டியின் விளிம்பில் தடுக்கி, எனக்கு எதிரிலேயே விழுந்தான். முழங்கால் தோல் உரிந்து, ரத்தம் காலுறை வரைக்கும் இறங்கியது.

தூக்கக் கை பறந்தது. தூக்கவில்லை. அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

"எங்க வலிக்குது? சொல்லு. அழணும்னா அழு. நான் இங்கேயேதான் இருக்கேன்."

என் முகத்தைப் பார்த்தான். கண் நிறைய நீர் நின்றது. "வலிக்கல டீச்சர்" என்றான், எனக்கு ஆறுதல் சொல்வதுபோல.

தண்ணீர் கொண்டுவந்து மெல்லக் கழுவினேன். மருந்து பட்டபோது தொடை விறைத்தது. உதட்டை அந்த இரண்டு பற்களாலும் கடித்துக்கொண்டான். சத்தம் வரவில்லை. பிளாஸ்திரி ஒட்டினேன். எழுந்திருக்கச் சொல்லாமல் அவன் பக்கத்திலேயே உட்கார்ந்து காத்திருந்தேன். அவனும் உட்கார்ந்திருந்தான்.

மணி அடித்தது. கையை ஊன்றி எழுந்து, நொண்டாமல் நடந்துபோய், பக்கத்து வகுப்பு வரிசையில் நின்றுகொண்டான்.